எண்பத்தெட்டுக் கூமுட்டைகள்

இருபத்தோராம் நாள் காலையில் பொரிப்பு அறை சத்தமில்லாமல் இருந்ததே கிடையாது. ஓட்டுக்குள் இருந்தபடியே ஆயிரக்கணக்கான குஞ்சுகள் ஒன்றையொன்று கூப்பிடுகிற கீச்சொலி நடைபாதை வரைக்கும் கேட்கும். கதவைத் திறந்தால் ஈர வெதுவெதுப்பும் ஓட்டுத் தூசியும் புதுக் குஞ்சின் வாடையும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். இன்று வாடை இருந்தது, வெக்கை இருந்தது, முட்டைகளில் விரிசல் விழுந்து அலகு நுனிகள்கூட எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை. எல்லாம் எதையோ காது கொடுத்துக் கேட்கிற மாதிரி அவளுக்குத் தோன்றியது.

"அக்கா, இதுங்க ஏன் கத்தல?"

பொரிப்பகத்தின் மேற்பார்வையாளர் அவளுடைய சொந்த அக்கா. எங்கே போனாலும் ஒரு மாதம் தாங்காத தங்கையை, இவளுக்கு நான் பொறுப்பு என்று சொல்லி வேலைக்குச் சேர்த்தவள்.

"கத்தும், கத்தும். நீ போய் கண்ணாடி அண்ணன்கிட்ட அலமாரி சாவிய வாங்கி வை. மதியத்தோட கிளம்புறாரு."

சாதாரணமாகத்தான் சொன்னாள். இவள்தான் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்தாள்.

இருட்டறையில் ஒவ்வொரு முட்டையாக விளக்கின்மேல் வைத்துப் பார்த்து, கரு இல்லாத கூமுட்டைகளைப் பொறுக்குவது கண்ணாடி அண்ணனின் வேலை. இருபது வருஷமாக அதே முக்காலி. பத்தாம் நாள் சோதனையில் நன்றாக இருந்த ஒரு தட்டு, பதினெட்டாம் நாள் மொத்தமாகக் கூமுட்டைக் கணக்கில் கழிவுக் குழிக்குப் போயிருந்தது. பார்வை போய்விட்டது, உயிருள்ள முட்டையை வீசிவிட்டார் என்று முடிவு கட்டி, வேலையை விட்டு நிற்கச் சொன்னார்கள். அவரும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இருக்கும்மா, கண்ணு முன்ன மாதிரி இல்ல," என்று ஒத்துக்கொண்டார். அந்த மனுஷன் ஒரு வார்த்தை சண்டை போட்டிருந்தாலாவது இவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீசியது இவள்.

அந்தத் தட்டைத் திருப்புகிற மோட்டார் கெட்டுப்போனதால், மணிக்கொரு தரம் கையால் நெம்புகோலைத் தள்ளச் சொல்லியிருந்தாள் அக்கா. தாய்க்கோழி சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் தெரியும். அலகால் முட்டையை உருட்டிக்கொண்டே இருக்கும். உருட்டாவிட்டால் கரு ஒரு பக்கமாக ஓட்டோடு ஒட்டிப்போகும். இவள் ஒரு வாரம் போனில் படம் பார்த்தாள். சாயங்காலம் கிளம்பும்போது மணிக்கணக்கு அட்டையில் எல்லாக் கட்டத்திலும் மொத்தமாக டிக் போட்டாள். பதினெட்டாம் நாள், அண்ணன் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அந்தத் தட்டை விளக்கில் வைத்தாள். எண்பத்தெட்டும் ஒரே பக்கமாக ஒட்டிக் கிடந்தன. எண்பத்தெட்டும் உதைத்துக்கொண்டிருந்தன. அக்கா பார்த்தால் தெரிந்துபோகும். அள்ளிக்கொண்டு போய்க் குழியில் கொட்டி, மேலே சுண்ணாம்பைத் தூவினாள்.

இன்று சாவியைக் கொடுக்கும்போது அண்ணன் சிரித்தார். "அக்காவுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துடாதம்மா."

சொல்லிவிடு. இப்போதே சொல்லிவிடு. சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். சீ, நானெல்லாம் ஒரு பொம்பளையா என்று தன்னையே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. தலையை ஆட்டிவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியே வந்தாள்.

பட்டப்பகல். மதில் ஓரமாகக் கழிவுக் குழியின் இரும்பு மூடி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அழுகின முட்டையின் நாற்றம் இருக்க வேண்டிய இடத்தில் பொரிப்பு அறையின் வாடை வந்தது, அதே ஈர வெதுவெதுப்பு, அதே தூசி. உள்ளே கூடத்துக் கடிகாரம் பதினொன்று அடித்தது.

மூடிக்கு அடியில் கரகரவென்று ஒரு சத்தம்.

நெம்புகோலைத் தள்ளினால் தட்டு சாய்கிற சத்தம். அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் கேட்காமல் விட்ட சத்தம்.

எலியாக இருக்கும். எலிதான். மூடியில் கை வைத்தாள். சுடவில்லை. கோழியின் அடிவயிற்றுச் சூடு. தூக்கினாள்.

சுண்ணாம்புக்கு நடுவே முட்டைகள் வரிசையாக நின்றன. அகன்ற முனை மேலே. ஒரே பக்கமாகச் சாய்ந்து. யாரோ அடுக்கிவைத்த மாதிரி. யாரும் இல்லை.

டிக்.

ஒரு ஓட்டில் கீறல். பக்கத்தில் இன்னொன்று. பிறகு எல்லாவற்றிலும்.

முதல் குஞ்சு தலையை வெளியே இழுத்தது. பாதி முகம் குஞ்சு. மறுபாதியில் ஓடும் தோலும் ஒன்றாக வளர்ந்திருந்தன. இருந்த ஒரு கண்ணால் அவளைப் பார்த்தது. பொரிந்ததும் கண்ணில் படுவதைத் தாய் என்று பிடித்துக்கொள்கிற இனம் அது. அவள் சட்டென்று முகத்தை மூடிக்கொண்டாள். பார்த்துவிட்டது. எல்லாமே பார்த்துவிட்டன.

"அங்க என்னடி பண்றே?"

பின்வாசலில் அக்கா. அவளுக்குப் பின்னால், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்ணாடி அண்ணன்.

"வராத அக்கா! அண்ணன் மேல தப்பில்ல. திருப்பாம விட்டது நான். உயிரோடன்னு தெரிஞ்சேதான் கொட்டினேன்."

அவள் குரல் கேட்டதும் குழிக்குள் எண்பத்தெட்டும் ஒரே நேரத்தில் கத்தின. ஒட்டின பக்கத்தை இழுத்துக்கொண்டு, ஓடு தரையில் உரச, விளிம்பேறி வந்தன. அண்ணனை ஒன்றும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அக்காவையும் பார்க்கவில்லை. அவள் பாதத்தில் மோதின. பாவாடைக்கு அடியில் நுழைந்தன. ஈரம். சூடு. காலில் கீறுகிற ஓடுகள்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அக்காவின் அந்தப் பார்வையை இவளால் தாங்க முடியவில்லை. ஓட வேண்டும். உதறிவிட்டு ஓடிவிட வேண்டும்.

முழங்கால்கள் தாமாகவே மடங்கின. பாவாடையை நாலா பக்கமும் விரித்து, ஒன்றும் நசுங்காமல் பார்த்துப் பார்த்து, மெல்ல அவற்றின்மேல் உட்கார்ந்தாள்.