கவிழ்த்து வைத்த கிண்ணம்

போளூரில் தங்கவேல் வீட்டு மாடிப்படி ஏறி வந்த ஜெயசுதா, உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. விடுதி அறைகளையும் உணவகப் பதார்த்தங்களையும் படம் எடுத்துக் கொடுப்பது அவள் தொழில். வேலூர்ப் பக்கம் பாதி விடுதிகளின் விளம்பரப் படங்கள் அவள் எடுத்தவை.

"சார், என்கூட தேவயானின்னு ஒரு பொண்ணு வேலை செய்யறா. படத்துக்குச் சாப்பாட்டை அலங்காரம் பண்றவ. நாளைக்குக் காலைல போலீஸ் ஸ்டேஷன்ல 'நான்தான் கொன்னேன்'னு எழுதிக் குடுக்கப் போறா. நிஜமாவே அவளாலதான் அந்தம்மா செத்தாங்களான்னு தெரியணும். ஆமான்னாலும் சொல்லிடுங்க. பொய்யா ஆறுதல் வேணாம்."

தங்கவேல் தடய அறிவியல் கூடத்தில் முப்பது வருடம் குப்பிகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர். பேச்சில் சிக்கனம். அவருக்கும் சேர்த்துப் பேச வெண்ணிலா இருந்தாள். கீழே ஜெராக்ஸ் கடை அவளுடையது. ஜெயசுதாவின் முகத்தைப் பார்த்ததுமே கடைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு மேலே வந்திருந்தாள். எங்கே வம்போ அங்கே வெண்ணிலா என்று தெருவில் சொல்வார்கள். அது அநியாயம், அவளுக்கு வம்பைவிட நியாயத்தின் மேல்தான் ஆசை.

"இன்னா நடந்துச்சுன்னு மொதல்லேர்ந்து சொல்லுங்கக்கா" என்றாள்.

ஜவ்வாது மலையில், காவலூர் போகும் வழியில் 'முகில்வனம்' என்று ஒரு புதிய விடுதி. மூன்று நாளுக்கு முன் ஜெயசுதாவும் தேவயானியும் அங்கே படம் எடுத்தார்கள். அன்று மாலை சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சகுந்தலா வாயில் நுரை தள்ளி விழுந்தாள். மறுநாள் விடிவதற்குள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. படத்துக்கு வைத்த பிரியாணியை அவள் தின்றுவிட்டாள் என்று டாக்டரிடமும் போலீஸிடமும் சொன்னவர் விடுதி முதலாளி சரவணகுமார்.

"அது துன்றதுக்கு இல்ல சார்" என்றாள் ஜெயசுதா. "கறி பாதிதான் வெந்திருக்கும். ஈரமாத் தெரியறதுக்கு கிளிசரின் தெளிப்போம், பளபளப்புக்கு ஏதேதோ ஸ்ப்ரே அடிப்போம். வேலை முடிஞ்சதும் ஃபினாயில் ஊத்திப் புதைச்சுடறது வழக்கம். அன்னிக்குத் திடீர்னு மூடுபனி எறங்குச்சு. விட்டா கிடைக்காதுன்னு கேமராவத் தூக்கிட்டு வெளிய ஓடிட்டோம். அரை மணி கழிச்சு வந்தா தட்டு காலி. கழுவி வச்சிருந்துச்சு."

"அந்தம்மா கடைசியா ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டார் தங்கவேல்.

"'சோறு இனிப்பா இருந்துச்சு'ன்னு வூட்டுக்காரர்கிட்ட சொன்னாங்களாம். அதைக் கேட்டதுலேர்ந்து தேவயானி தண்ணி கூடக் குடிக்கல. கிளிசரின் இனிக்கும் சார்."

வெண்ணிலாவின் முகம் விழுந்துவிட்டது. தங்கவேல் மட்டும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அன்னிக்கு எடுத்த படம் அத்தனையும் காட்டுங்கம்மா. வேணாம்னு தள்ளினதையும் சேர்த்து."

மடிக்கணினியில் படங்கள் ஓடின. புல்வெளி ஏர் ஓட்டியதுபோல் கிளறிக் கிடந்தது. காட்டுப்பன்றி வேலை என்றாள் ஜெயசுதா. "'ரெண்டே நாள்ல இந்தத் தொல்லை தீர்ந்துடும்'னு ஓனர் சொன்னார்."

அடுத்தது சமையலறை. ஒரே கோணத்தில் இரண்டு படங்கள். வெண்ணிலா திரையில் விரலை வைத்தாள். "சார், இதுல ஜன்னல் மேல ஒரு குண்டான் இருக்கு. மூடி மேல கல்லு. அடுத்ததுல காணோம்!"

"மொதல்ல எடுக்கறது சோதனைப் படம். கண்ணை உறுத்தறது எதுவானாலும் நகர்த்திட்டுத்தான் நிஜப் படம் எடுப்போம்."

கடைசியில் பிரியாணி வந்தது. தட்டில் கோபுரமாகச் சோறு. "ரெண்டு பேர் சாப்பிடலாம் போலிருக்கே" என்றார் தங்கவேல்.

அத்தனை துக்கத்திலும் ஜெயசுதாவுக்குத் தொழில் பெருமை எட்டிப் பார்த்தது. "சோறு ஒரே ஒரு பிடிதான் சார். உள்ள ஒரு கிண்ணத்தைக் கவுத்து வச்சு மேல போர்த்தியிருக்கு."

"அந்தக் கிண்ணம் இப்ப எங்கே?"

"தேவயானிகிட்டதான். கழுவி அவ பெட்டி மேல வச்சிருந்துச்சு."

தங்கவேல் எழுந்து, மலைமேல் விசாரிக்கும் உதவி ஆய்வாளருக்குப் போன் போட்டார். "பின்கட்டுல புதுசா மூடின குழி ஏதாவது இருக்கான்னு பாருங்க. நாங்க கிளம்பி வர்றோம்."

முகில்வனத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் அன்றே மாலை மூன்று மணிக்கு எல்லாரும் இருந்தார்கள். தேவயானி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயதுப் பெண், மூன்றே நாளில் இளைத்துவிட்டிருந்தாள். சகுந்தலாவின் கணவன் வேடியப்பன் உட்கார மறுத்து வாசற்படியருகே நின்றான். அவனும் அங்கே தோட்ட வேலை செய்பவன்தான்.

"சகுந்தலா சாப்பிட்டதை நீங்க பார்த்தீங்களா?" என்று தங்கவேல் சரவணகுமாரைக் கேட்டார்.

"என் ரெண்டு கண்ணால பார்த்தேங்க. குமிச்சு வச்சிருந்த சோறு, ரெண்டு ஆள் துன்ற சோறு. அள்ளி அள்ளித் துன்னுட்டு, தட்டை வழிச்சிட்டுதான் எழுந்துச்சு. நான் வேணாம்மான்னு சொல்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

"தட்டுல வேற எதனா இருந்துச்சா?"

"சோறு, கறி. வேற இன்னா இருக்கும்?"

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்! வெண்ணிலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒரு பிடி அள்ளினதுமே கிண்ணத்தோட முதுகு தெரிஞ்சிருக்கும்" என்றார் தங்கவேல், குரலை உயர்த்தாமல். "பக்கத்துல நின்னு பார்த்தவருக்கு அது தெரியல. ஏன்னா நீங்க சகுந்தலாவப் பார்த்துட்டுச் சொல்லல, உங்க விளம்பரப் படத்தைப் பார்த்துட்டுச் சொல்றீங்க. அந்தச் சோத்தைக் கொட்டிட்டு, கிண்ணத்தைக் கழுவிப் பெட்டி மேல வச்சது சகுந்தலாதான். அது துன்ற பொருள் இல்லன்னு அவங்களுக்குத் தெரியும்."

"காலைலயே சொல்லியிருந்தேன் சார்" என்றாள் தேவயானி. "துன்னாதீங்கக்கா, கறி பச்சைன்னு."

"கிளிசரின் இனிக்கும், வாஸ்தவம். காரமான பிரியாணி மேல நாலு துளி தெளிச்சா மொத்தச் சோறும் இனிக்குமா? அவங்க துன்னது வேற சோறு." வேடியப்பன் பக்கம் திரும்பினார். "மீந்த சோறு இங்க எங்க வைப்பாங்கப்பா?"

"அடுப்பு மேடைக்குக் கீயங்க. வேலக்காரங்களுக்குன்னா அங்கதான் குண்டான்ல இருக்கும். பசிச்சா போட்டுத் துன்னுக்குவோம். அன்னிக்குப் பூரா போட்டோ வேலைன்னு அவளுக்குச் சோறே இல்லீங்க."

தங்கவேல் சோதனைப் படத்தைத் திருப்பிக் காட்டினார். "மூடி மேல கல்லு வச்சு, ஆள் கை படாத எடத்துல இருந்த இந்தக் குண்டான்ல இன்னா இருந்துச்சு, சரவணகுமார்?"

வெண்ணிலாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "பன்னிக்கு வெல்லம் போட்டுப் பிசைஞ்ச விஷச் சோறு! அதான் சார் இனிச்சிருக்கு!"

உதவி ஆய்வாளர் ஒரு சாக்கை அவிழ்த்தார். மதியம் பின்கட்டுக் குழியிலிருந்து எடுத்த குண்டான், மண்ணும் சோறுமாக உள்ளே இருந்தது. சரவணகுமார் நாற்காலியில் சரிந்தார். "காட்டு மிருகத்துக்கு விஷம் வச்சா கேஸாவும், விடுதிய மூடிடுவாங்கன்னு பயந்துட்டேங்க. குண்டான் கீழ தொறந்து கெடந்தப்பவே புரிஞ்சுபோச்சு."

"அப்பவே புரிஞ்சும் டாக்டர்கிட்ட பிரியாணின்னு சொன்னீங்க. விஷத்தோட பேரைச் சொல்லியிருந்தா அதுக்கான மருந்தை உடனே போட்டிருப்பாங்க. ராத்திரி பூரா டைம் இருந்துச்சு."

ஜெயசுதா தேவயானியைக் கட்டிக்கொண்டு அழுதாள். பாவம், எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டாள். தேவயானியின் கண்கள் மட்டும் அந்தக் குண்டானைவிட்டு நகரவில்லை.

"அதை நான்தான் எடுத்தேன்" என்றாள். "படத்துல அசிங்கமாத் தெரியுதுன்னு. கல்லை வெளிய போட்டுட்டு, மேடைக்குக் கீழ தள்ளி வச்சேன். சார், நான்தானே?"

வெண்ணிலா குறுக்கே புகுந்து ஏதோ சொல்லப் பார்த்தாள். தங்கவேல் அவள் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

"ஆமாம்மா. நீதான் நகர்த்தினே. உள்ள இருந்தது விஷம்னு உனக்குச் சொல்லாதது அவரு."

தேவயானி எழுந்து வாசற்படி வரை நடந்தாள். கைகூப்பப் போனவள், கூப்ப முடியாமல் நின்றாள். வேடியப்பன் அவளை நேராகப் பார்த்தான். அவனுக்கு அழுகை வரவில்லை.

"உனுக்கு இன்னாம்மா தெரியும்? தெரிஞ்சவன் அவன். தெரிஞ்சும் என் பக்கத்துல ஒக்காந்துகினு, விடியற வரைக்கும் ஆறுதல் சொன்னான். உம்மேல எனக்குக் கோவம் இல்ல. சத்தியமா இல்ல. ஆனா இனிமே என் கண்ணு எதிர்ல மட்டும் வராதம்மா."

அவள் தலையாட்டினாள். அவன் நின்ற வாசலைத் தவிர்த்து, சமையலறை வழியாகப் பின்கட்டுக்குப் போய், விடுதியைச் சுற்றிக்கொண்டு வண்டிக்கு நடந்தாள்.