வெள்ளையாய் ஒரு குழாய் இரத்தம்!

"ஐயோ! என்ர மருமகளுக்கு நஞ்சு வச்சிட்டாள்!"

ஆஸ்பத்திரி விறாந்தையே திரும்பிப் பார்த்தது. கத்தியவள் கண்டாவளை ஜெகதீஸ்வரி. அவள் கை நீட்டியது தம்பியின் இரண்டாந்தாரம் கஜனியை நோக்கி!

உள்ளே கட்டிலில் சுதாஜினி. தம்பியின் மூத்த தாரத்துப் பிள்ளை. பெரிய பிள்ளையாகி ஒரு கிழமைதான். காலையில் வயிற்றைப் பிடித்தபடி விழுந்தவள் கண் திறக்கவில்லை...

இன்ஸ்பெக்டர் தங்கராசா கஜனியை முறைத்தார்.

"பிள்ளைக்கு என்ன குடுத்தனீங்கள்?"

"கஞ்சி."

"வேற?"

"அவிச்ச மரக்கறி... தேங்காய்ப்பால் விடாமல்."

"கேட்டீங்களே சேர்!" ஜெகதீஸ்வரி பாய்ந்தாள். "பாலைக் கண்ணிலயும் காட்டமாட்டாள்! ஒரு சொட்டுக் கண்ணீர் வருதோ பாருங்கோ!"

வரவில்லை. கஜனிக்குள் எல்லாமே மரத்துப்போயிருந்தது. இன்ஸ்பெக்டரின் கையிலிருந்த விலங்கைப் பார்த்தாள். வேறு யாருக்கோ கொண்டுவந்தது என்றுதான் தோன்றியது.

"ஏன் பால் விடேல்லை?"

"விட்டால் வயித்துக்க குத்துதெண்டு அழுவாள்..."

"நல்ல கதை! எழும்புங்கோ, ஸ்டேசனுக்குப் போவம்."

படார்!

கதவைத் தள்ளிக்கொண்டு டொக்டர் நிரோஜா வந்தாள். கையில் ஒரு சின்னக் குழாய்.

"நில்லுங்கோ! இது பிள்ளையின்ர இரத்தம்."

மேல்பாதி... வெள்ளை!

"நஞ்சோ டொக்டர்?"

"கொழுப்பு! சாப்பாட்டுக் கொழுப்பை இரத்தத்திலயிருந்து பிரிச்சு உடம்பில சேமிக்க லைப்பேஸ் எண்டொரு நொதியம் வேணும். இவவுக்குப் பிறப்பிலயே அது வேலை செய்யேல்லைப் போல. கொழுப்பு இரத்தத்திலயே தேங்கி, சதையி எண்ட கணையம் வீங்கிட்டுது. பால் விடாத சாப்பாட்டாலதான் இவ்வளவு காலமும் தப்பினவ."

"அப்ப இந்தக் கிழமை கொழுப்புக் குடுத்தது ஆர்?" என்றார் தங்கராசா.

ஜெகதீஸ்வரியின் முகம் வெளுத்தது.

"நான்தான்... மாமி முறைக்கு... பெரிய பிள்ளையானவளுக்கு நாளும் விடிய பச்சை முட்டையும் நல்லெண்ணெயும். இவள் வேண்டாமெண்டு மறிச்சவள். ஒளிச்சுப் பருக்கினனான்... இடுப்புக்குப் பலமெண்டு..."

"பிள்ளை?" என்றாள் கஜனி.

"கண் முழிச்சிட்டா. தப்பிடுவா. சின்னம்மாவின்ர கஞ்சிதான் வேணுமாம்."

அப்போதுதான் கஜனி அழுதாள். விறாந்தையில் அப்படியே குந்தி, வாய்விட்டு!

தங்கராசா விலங்கை இடுப்பில் செருகினார்.

"ஜெகதீஸ்வரி அக்கா, வீட்டில முட்டையிடுற கோழி நிக்குதோ?"

"ஓ... ஓம் சேர்."

"ஸ்டேசனுக்குக் கொண்டு வாங்கோ. அதிட்டயும் வாக்குமூலம் எடுக்கவேணும்!"