ஈரம் காயாத லாச்சி

லாச்சியின் மூலைகள் மழுங்கியிருந்தன. சமையலறைப் பென்ட்ரி கபட்டின் முன்னால் முழங்காலிட்டிருந்த ஹபீஸ், அடி இழுப்பறையை முழுதாக வெளியே இழுத்து, யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கொட்டாஞ்சேனைத் தச்சுப் பட்டறையில் அவனே உளியால் செதுக்கிப் பொருத்திய தேக்கு. போன மாதம் கை பட்டால் கீறும்படி கூராக இருந்த மூலைகள், இப்போது யாரோ வாயில் போட்டுச் சப்பித் துப்பிய இனிப்பைப் போல் வழுவழுவென்று உருண்டிருந்தன. வார்னிஷ் போய், மரத்தின் நார்கள் ஊறி எழும்பியிருந்தன.

"தண்ணி பட்டீக்குது மிஸ். சிங்க் பைப் எங்கயோ ஒழுகுது."

"சிங்க் அந்தப் பக்கத்துச் சுவரில எல்லோ இருக்கு, பாஸ்," என்றாள் சுபாஷினி. தச்சர்களை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவள். வெள்ளவத்தையில், கடலைப் பார்த்த அந்த ஆறாம் மாடி பிளாட்டில் தனியாக இருந்தாள். அவன் வந்ததிலிருந்து குசினிக்குள் கால் வைக்கவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"துடைச்சுத் துடைச்சு அலுத்துப்போனன். ஒவ்வொரு நாளும் விடியக்க ஈரம். கறிக்கரண்டியைக் கழுவாமல் உள்ளுக்குப் போட்டுப் பார்த்தனான். விடியக்க பளபளவெண்டு கிடக்குது."

இந்த லேனில் மட்டும் நாலு வீட்டில் ஹபீஸின் வேலை இருக்கிறது. மரம் சரியில்லை என்று ஒருத்தி கதைத்தால் போதும், அந்தக் கதை எல்லா வீட்டுக்கும் போய்விடும். எரிச்சலோடு லாச்சியின் அடியைத் தடவினான்.

தண்ணீர் அல்ல. விரலை எடுத்தபோது அது நூலாக நீண்டு, நடுவில் ஒரு குமிழியோடு தொங்கி, அறுந்து, அவன் மணிக்கட்டில் விழுந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. வெளியே மழை யன்னலில் அடித்துக்கொண்டிருக்க, உள்ளே துவைக்காத தலையணை உறையின் வாடை, பல் விளக்காத வாயின் வாடை, அதற்கும் அடியில் பல்லிடுக்கில் நாட்பட்டுப் புளித்த இறைச்சியின் நெடி. காற்சட்டையில் கையைத் துடைத்தான். திரும்பவும் துடைத்தான். பிசுபிசுப்பு போகவில்லை.

"இதைக் கழட்டிக்கொண்டு போங்கோ பாஸ். எனக்கு வேண்டாம்."

"சும்மா ஈங்க மிஸ். பின்னுக்கு என்ன ஈக்குதுண்டு பாப்பம்."

லாச்சி இருந்த பொந்துக்குள் அளக்கும் ஸ்டீல் டேப்பை நுழைத்தான். இரண்டு அடியில் அது பின்பலகையில் முட்ட வேண்டும். பலகைக்குப் பின்னால் வெளிச்சுவர். சுவருக்கு அப்பால் வெறும் காற்று; கீழே ரயில் பாதை. டேப் முட்டவில்லை. போய்க்கொண்டேயிருந்தது. அவன் தள்ளுவதை நிறுத்தினான்.

டேப் நிற்கவில்லை.

மெதுவாக, சீராக, உள்ளேயிருந்து உறிஞ்சப்பட்டதுபோல் இழுபட்டுப் போனது. கடைசி அங்குலம் வரை. பிறகு சட்டென்று விடுபட்டு, சுருண்டு பெட்டிக்குள் திரும்பியது. அதில் ஒட்டியிருந்ததெல்லாம் பெட்டியின் விளிம்பில் வழிக்கப்பட்டு அவன் உள்ளங்கையில் கொட்டியது. சூடான கொழகொழப்பு. மென்ற சோறு. ஒரு நீளமான நரைமுடி.

"யா அல்லாஹ்..."

"பாத்தீங்களா?" அவள் குரல் உடைந்தது. "நான் சொல்ல ஒருத்தரும் நம்பேல்லை, பாஸ்."

அவன் போன் டோர்ச்சைப் போட்டுக் குனிந்தான்.

பின்பலகை இல்லை. சுவரும் இல்லை. வெளிறிய சிவப்பில், வரி வரியாக, ஈரத்தில் மினுங்கிக்கொண்டு மேலே ஓர் அண்ணம். அது விரிந்தது. சூடான மூச்சு அவன் முகத்தில் அடித்து, திறந்திருந்த வாய்க்குள் புகுந்தது. அதன் ருசி அவன் நாக்கில் படிந்தது.

நிலத்தில் வாந்தி எடுத்தான். எழும்ப முயன்றான். வழுக்கியது.

"மிஸ், வெளிய! வெளிய போங்க!"

அவள் அசையவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான். ஹோலைத் தாண்டி. முன்கதவைத் தாண்டி. வெளி நடைக்கு. இரும்புக் கேற்றை இழுத்துச் சாத்திப் பூட்டைக் கொளுவினான். அவள் லிப்ட் பொத்தானை அமத்திக்கொண்டேயிருந்தாள். லிப்ட் வரவில்லை.

உள்ளே மரம் கிரீச்சிட்டது.

கேற்றின் கம்பிகளுக்கிடையே பார்த்தான். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

குசினி வாசலால் வந்தது. சாம்பல் நிறம். பாய் அகல நாக்கு. மேலெல்லாம் கொப்புளம். வாந்தியை நக்கி முடித்துவிட்டிருந்தது. ஓரத்தில் இன்னும் வடிந்தது. அவனுடைய ஈரக் கால்தடங்களை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டு வந்தது. அவசரமில்லை. ஒன்றையும் விடவில்லை.

வாசலில் அவன் கழற்றிவைத்த செருப்பை அடைந்தது. குதி பட்ட இடத்தைத் தடவியது. விரல்கள் பதிந்த பள்ளங்களுக்குள் நுனியை விட்டு, துழாவி, வழித்தெடுத்தது.

பிறகு நுனியைத் தூக்கியது. கேற்றுக்கு இப்பால் அவனுடைய வெறுங்கால்கள் நின்ற பக்கம் திருப்பியது. கம்பிகளின் இடைவெளிக்கேற்ப, மெதுவாக, தன்னை ஒடுக்கத் தொடங்கியது.