மலையேறிய பங்குனி ஆமை

தெரசம்மாள் வீட்டு முன்னறையில் அன்று மதியம் நான்கு பேர் இருந்தார்கள். ஜன்னலோர மேசையில், தயிர்ச்சோறும் ஒரு கொத்துப் பச்சை மிளகு ஊறுகாயும் வைத்த தட்டுக்கு முன்னால் தெரசம்மாள். காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்று ஏற்காட்டுக்கு வந்தவர். அவருக்கு எதிரே, சென்னை ஆராய்ச்சியாளர் தேவகுமாரி, மடியில் இன்னும் ஒட்டாத ஒரு கடித உறையுடன். கதவருகே முக்காலியில், ஒண்டிக்கடை முக்கில் கருவாடு விற்கும் காளியண்ணன். ஜீப் ஓட்டும் பொன்னுவேல் மட்டும் உட்காரவில்லை. வழக்கு என்று வந்துவிட்டால், நாற்பது வயதிலும் அவருக்கு உட்காரத் தோன்றாது.

தேவகுமாரி தன் சங்கடத்தைச் சொன்னார். விசைப்படகு வலைகளில் கடலாமைகள் எங்கெங்கே தவறிச் சிக்குகின்றன என்று அறிய, நாகப்பட்டினம் கடலில் ஒரு பங்குனி ஆமையின் முதுகில் அவர்கள் ஒரு கருவியை ஒட்டியிருந்தார்கள். அது செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும். ஆமை இருக்கும் இடம் அலுவலகத்தில் தெரியும். மாசி பிறந்ததும் அந்த ஆமை கரையேறியது. திருச்சி வழியாகச் சேலம் போனது. பிறகு மலையே ஏறிவிட்டது.

“ஆபீஸ்ல எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. யாரோ கொன்னு லாரியில ஏத்தியிருக்காங்க.”

அந்த வாரம் நாகப்பட்டினத்திலிருந்து மலைக்கு வந்த லாரி காளியண்ணனுடையது ஒன்றுதான். ஆமையைக் கொல்வது சிறைக்குரிய குற்றம். உறைக்குள் இருந்த புகாரில் அவர் பெயரும், அவருக்குச் சரக்கு அனுப்பிய படகுக்காரர் பெயரும் இருந்தன. மாலைத் தபாலில் அது வனத்துறைக்குப் போகும்.

“நான் கருவாடு விக்கிறவனுங்க, ஆமை விக்கிறவன் இல்லீங்க,” என்றார் காளியண்ணன். “கடையைக் கவுத்துப் போட்டுப் பாத்தாச்சு. நெத்திலிக்கு முதுகுல மிஷின் இருந்தா நானே சொல்லியிருப்பேன்.”

தெரசம்மாள் சிரித்துவிட்டு, கருவி இப்போது எங்கே என்று கேட்டார். மலையிலேயே மாரமங்கலம் கிராமத்துப் பக்கம் என்று தெரிகிறதாம். ஆனால் சில மைல் முன்னே பின்னே இருக்கலாமாம். முதலில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த கருவி, மலைக்கு வந்தபின் காலையில் சற்று நேரம் மட்டுமே பேசுகிறதாம்.

“மஞ்சு மூடிக்குதுங்க, அதான்,” என்றார் பொன்னுவேல்.

தேவகுமாரி மறுத்தார். மூடுபனியும் மழையும் அதை ஒன்றும் செய்யாது. கருவியின் தலையில் இரண்டு உலோகப் புள்ளிகள் உண்டு. உப்புநீரில் மூழ்கினால்தான் அது வாயடைக்கும். ஆமை மூச்சுவிட மேலே வரும்போது மறுபடி பேசும்.

“உப்பு!” பொன்னுவேல் காளியண்ணனை நோக்கித் திரும்பினார்.

“அவசரப்படாதே, பொன்னுவேலு. கருவாட்டுக் கடையில உப்பு இருக்கும், தண்ணி இருக்காது. ஈரம் பட்டா அவருக்குச் சரக்கே போச்சு.” தெரசம்மாள் தட்டிலிருந்த மிளகுக் கொத்தைத் தூக்கிப் பார்த்தார். “காளியண்ணன், லாரியில மீனைத் தவிர வேற என்ன வந்துச்சு?”

“பழைய வலைங்க. குரங்குக்கு வேலி கட்ட இங்க கேக்கறாங்க. மாரமங்கலத்துக்கு ஒண்ணுதான் போச்சு, பாவாயிக்கு.”

தெரசம்மாள் சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு எழுந்தார். “இந்த ஊறுகாயும் பாவாயி போட்டதுதான். ஜீப்பை எடு.”

மாரமங்கலத்தில் பாவாயியின் வீட்டுப் பக்கம் சௌசௌ பந்தலைச் சுற்றிப் பச்சை வலை கட்டியிருந்தது. பாவாயி வந்த நால்வருக்கும் பாய் விரித்தார். தெரசம்மாள் உட்காராமல், மிளகு ஊறும் ஜாடியைப் பார்க்கலாமா என்று கேட்டார். மூடியைத் திறந்ததும் உப்புநீருக்கு மேல் ஒரு மெல்லிய கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. பாவாயி அதைப் பிடித்துத் தூக்கினார். கம்பியின் அடியில், பச்சை நூல் சுற்றிய ஒரு கறுத்த கட்டி.

தேவகுமாரி குனிந்து, கட்டியின் தலையிலிருந்த இரண்டு உலோகப் புள்ளிகளைத் தொட்டுப் பார்த்தார்.

“வலையில சிக்கியிருந்துச்சுங்க,” என்றார் பாவாயி. “மிளகு மெதந்தா பூஞ்சை பூத்துப்போயிருமுங்க. கல்லு வெச்சா மண்ணு எறங்குது, இரும்பு வெச்சா துருப் புடிக்குது. இதுல பிடியே வெச்சிருக்காங்க, பாருங்க. காலையில வெளிய எடுத்து வெச்சிட்டு மிளகைக் கிளறி உட நொம்பத் தோது.”

“நீங்க வெளிய எடுக்கற நேரத்துலதான் அது பேசுதும்மா,” என்றார் தெரசம்மாள்.

“யாருகிட்டீங்க?”

பொன்னுவேல் வானத்தைக் காட்டினார். பாவாயி அண்ணாந்து பார்த்தார். பிறகு, ஆளைக் கேலி செய்வதற்கும் ஓர் அளவு உண்டு என்பதுபோல அவரை ஒரு பார்வை பார்த்தார்.

கருவி கிடைத்துவிட்டது. ஆனால் தேவகுமாரியின் முகம் தெளியவில்லை. ஆமை என்ன ஆனது? காளியண்ணன் உறையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தெரசம்மாள் வேலியோரமாக நடந்து ஓரிடத்தில் நின்றார். வலையில் ஆள் நுழையுமளவு ஓர் ஓட்டையைக் கற்றாழை நாரால் பின்னி அடைத்திருந்தது. வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது, அடைத்தது மட்டும் நான் என்றார் பாவாயி.

“இந்த ஓரத்தைப் பாருங்க. தானா கிழிஞ்சிருந்தா நூல் பிரிஞ்சு தொங்கும். இது கத்தி வெச்சு, கண்ணி கண்ணியா, வட்டமா அறுத்தது. கம்பியோட அடியில சுத்தியிருக்கற நூலும் அதே பச்சை, அதே வெட்டு. செத்த ஆமைக்காகப் படகுக்காரர் வலையை அறுப்பாரா? வலை அவருக்குச் சோறு. ஆமையை வெட்டி எடுத்துட்டு வலையைக் காப்பாத்தியிருப்பார். உசுரோட துடிக்கிறதை நோகாம எடுக்கத்தான் இப்படி அறுக்கணும். அந்த இழுபறியில உங்க கருவி பேந்து வலையோட நின்னுபோச்சு.”

தேவகுமாரி கருவியைத் திருப்பினார். பிசின் தகடாகப் பெயர்ந்திருந்தது. ஆமை ஓட்டின் சில்லுகூட அதில் ஒட்டியிருக்கவில்லை. அதை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

“அப்ப அது நீந்திப் போயிருக்கும்,” என்றார்.

“படகுக்காரர் வலையையும் அறுத்துட்டு, பழியையும் சொமக்க இருந்தாருங்க,” என்றார் காளியண்ணன். அவர் குரல் அப்போதுதான் பழையபடி ஆனது.

பாவாயியின் கவலை வேறு. “ஏனுங்க, இனி என் மிளகு மெதக்குமுங்களே?” கனமான பீங்கான் தட்டு ஒன்று தருவதாகத் தெரசம்மாள் வாக்களித்தார். மூன்று மாத ஊறுகாய்க்கு அது ஈடு என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

தேவகுமாரி பழைய புகாரைக் கிழித்தார். பாயில் உட்கார்ந்து வனத்துறைக்கு வேறொரு கடிதம் எழுதினார்: ஆமை வலையில் சிக்கியது, மீனவர் தம் வலையை அறுத்து விடுவித்திருக்கிறார், வலைக்கு அவருக்கு ஈடு தரவேண்டும். ஒரு துண்டுப் பச்சை நூலையும் அதோடு உறைக்குள் வைத்தார்.

ஒண்டிக்கடையில் ஜீப் நின்றதும் காளியண்ணன் உறைக்காகக் கையை நீட்டினார். “நான் போடறனுங்க, கண்ணு.”

“கருவாட்டு வாசம் ஆபீஸ் வரைக்கும் போகுமே,” என்றார் பொன்னுவேல்.

காளியண்ணன் துண்டில் இரண்டு கையையும் அழுத்தித் துடைத்துக்கொண்டார். உறையை ஒட்டி, ஓரத்தை விரலால் நீவி, சிவப்புப் பெட்டிக்குள் விட்டார். அது அடியில் விழும் சத்தம் கேட்டபிறகுதான் கடையைத் திறக்கப் போனார்.