துள்ளலா, சரிவா?

காலையில் எந்தப் பலகாரம், எந்தச் சட்டை என்பதைக்கூடச் செவ்வாய்க் கிரகத்தில் யாரும் தாமாக முடிவு செய்வதில்லை. காதுக்குப் பின்னால் பதித்த அரிசியளவு சில்லு சொல்லும். அதற்குப் பெயர் தேர்வி. குடியிருப்பு முழுவதன் கருத்துகளையும் திரட்டி, அலசி, இட்லியா உப்புமாவா என்பது முதல் யாரைக் கட்டிக்கொள்ளலாம் என்பது வரை காதோரம் சொல்லிவிடும். பாசிப் பண்ணையில் வேலை பார்த்த குழலி, கணவன் அடைக்கலத்தை அப்படித்தான் தேர்ந்தெடுத்தாள். அதில் அவளுக்குக் குறையொன்றும் இல்லை.

அப்பேர்ப்பட்ட தேர்வி, ஒரு சைக்கிள் விஷயத்தில் அவளை நடுவழியில் கைவிட்டது.

நகரத்தின் ஓரத்தில் இருந்த பெரும்பள்ளத்துக்குக் கண்ணாடிக் கூரை போட்டு, காற்று நிரப்பி, மலைச் சைக்கிள் பூங்காவாகத் திறந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு வண்டியை ஆலை அச்சிட்டுத் தரும். பிறகு மாற்றிக் கேட்க முடியாது. வகை இரண்டு. துள்ளல் சைக்கிள் சின்னது, லேசானது, மேட்டில் ஏறித் தாவுவதற்கு. சரிவு சைக்கிள் கனமானது, முன்னும் பின்னும் அதிர்வைத் தாங்கும் நீண்ட சஸ்பென்ஷனோடு கரடுமுரடான பாதையில் தலைதெறிக்க இறங்குவதற்கு.

அடைக்கலம் தேர்வியை அணைத்துவிட்டுப் போய், நீலமாக இருந்தது என்று ஒரு சரிவு சைக்கிளை வாங்கி வந்தான். அடுத்த கப்பலில் அவன் போபோஸ் நிலவின் சுரங்கத்துக்குப் போகிறான். திரும்பிவர இரண்டு ஆண்டுகள் ஆகும். அதற்குள் ஒருமுறை அவளோடு பள்ளத்தில் இறங்கிவிட வேண்டும் என்று ஆசை.

குழலி தேர்வியைக் கேட்டாள். இங்கே பூமியின் எடையில் பாதிகூட இல்லை, சஸ்பென்ஷன் எதற்கு, துள்ளலே போதும் என்றது. செருப்பை மாட்டினாள். எடை குறைந்தால் டயர் மண்ணைப் பிடிக்காதே, கனமான வண்டிதான் நல்லது என்று மாற்றுக் கருத்து வந்தது. செருப்பைக் கழற்றினாள். கனமான வண்டி தாவும்போது அந்தரத்தில் திருப்பவே முடியாது என்றது இன்னொன்று. ஒவ்வொன்றும் சரியாகத்தான் பட்டது. அவளுக்குத் தலை சுற்றியது. பண்ணையில் பாசித் தொட்டிகளின் முன் நின்றுகொண்டு, எதைத் திறக்க வந்தோம் என்று மறந்தாள்.

கடைசியில் அடைக்கலமே சொன்னான்: "ஏதாவது ஒண்ணு எடு குழலி. துள்ளல்னா நான் மெதுவா வர்றேன். சரிவுன்னா நீ முன்னால போ."

"தப்பா எடுத்துட்டா?"

"எடுத்துட்டா என்ன, விழுவோம்."

அந்தப் பதில் அவளுக்கு விளங்கவில்லை. தெரிந்தே யாராவது விழுவார்களா? அவன் தனியாகப் போய், முழங்கை சிராய்ந்து, சிரித்துக்கொண்டே திரும்பினான்.

கப்பல் கிளம்பும் நாள் வந்தது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் போகுமுன் அடைக்கலம் திரும்பி ஏதோ சொன்னான். அப்போது தேர்வி அவள் காதில் இரண்டு வண்டிகளின் கைப்பிடி அகலத்தை ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. என்ன சொன்னீர்கள் என்று அவள் கேட்பதற்குள் கதவு மூடிக்கொண்டது.

அடுத்த வாரம் தேர்வி தீர்ப்பு சொன்னது: சரிவு. குழலி வண்டியை வாங்கிக்கொண்டு பள்ளத்தின் உச்சிக்குப் போனாள். கீழே செம்மண் மாவு சலித்துக் கொட்டியது போலக் கலையாமல் கிடந்தது. அதில் ஒரே ஒரு டயர்த் தடம், இரண்டு இடங்களில் விழுந்து புரண்டு, அடிவாரம் வரை போயிருந்தது.

"இத்தனை பேர் கருத்துச் சொன்னாங்களே, அவங்கல்லாம் எங்கே?" என்று தேர்வியைக் கேட்டாள்.

"இன்னும் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்."

"யாருமே ஓட்டலையா?"

"ஒருவர் ஓட்டினார். அவர் கருத்து எதையும் பதியவில்லை."

குழலி அந்த ஒற்றைத் தடத்தை அடிவாரம் வரை கண்ணால் தொடர்ந்தாள். இருக்கையில் ஏறி, ஒரு காலைப் பெடலில் வைத்தாள்.

"வண்டி வாங்கியதற்கு வாழ்த்துகள்," என்றது தேர்வி. "உங்கள் கருத்துக்காக நாலாயிரம் பேர் காத்திருக்கிறார்கள்."

"நான் இன்னும் ஓட்டவே இல்லையே."

"அது கட்டாயமில்லை."

அவள் சரிவைப் பார்த்தாள். நாலாயிரம் பேர். இதுவரை அவள் பேச்சை நாலு பேர்கூட நின்று கேட்டதில்லை. இருக்கையிலிருந்து மெல்ல இறங்கி, தூசி படாத இடமாகப் பார்த்து வண்டியைச் சாய்த்து நிறுத்தி, பக்கத்தில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"பின்பக்க சஸ்பென்ஷன் கொஞ்சம் மெதுதான்," என்று ஆரம்பித்தாள். "ஆனா வேகமா இறங்கறப்போ அது ஒரு குறையாவே தெரியல."