பிசினுக்குள் இருந்தது

அக்கா எறும்புகளை ஆராய்பவள். நான் அதே அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில் கற்களுக்கு மெருகு போடுகிறவன். அன்று காலை மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து, பட்டாணி அளவு அம்பர் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தாள். பல கோடி வருடங்களுக்கு முன் மரத்தில் வழிந்து, கல்லாக இறுகிப்போன பிசின். நடுவில் ஓர் எறும்பு. பூண்டோடு அழிந்துபோன இனம். தாடைகள் இரண்டும் அரிவாள் போல மேல்நோக்கி வளைந்திருந்தன.

"உலகத்துலயே இது ஒண்ணுதான்டா இருக்கு. முகம் தெளிவாத் தெரியணும். ஆனா சக்கரம் எறும்பு மேல பட்டுடக் கூடாது."

சக்கரத்தில் தேய்க்கத் தேய்க்க அறையில் பிசின் வாசனை எழுந்தது. இப்போதுதான் மரத்தைக் கீறியது போன்ற பச்சை வாசனை. கூடவே ஒரு சத்தம். நகத்தால் கண்ணாடியைச் சுரண்டுவது போல, விட்டு விட்டு.

"மெஷினை நிறுத்துடா," அக்கா கிசுகிசுத்தாள்.

"நிறுத்தி ரெண்டு நிமிஷம் ஆச்சுக்கா."

சுரண்டல் நிற்கவில்லை.

நுண்ணோக்கியில் குனிந்தேன். தேய்க்குமுன் மடங்கியிருந்த முன்னங்கால் இப்போது நீண்டு, கல்லின் விளிம்பைத் தொட்டுவிடப் பார்த்தது. அங்கே மிஞ்சியிருந்தது முடியளவு பிசின்.

"விட்டுடலாம்க்கா. அது காலை நீட்டியிருக்கு."

"பதினோரு வருஷமா இதுக்குத்தான் நாயா அலைஞ்சேன். பயமா இருந்தா தள்ளிக்கோ."

என்னைத் தோளால் ஒதுக்கிவிட்டு அவளே மெஷினைப் போட்டு, கல்லைச் சக்கரத்தில் அழுத்தினாள்.

டக்.

கல் இரண்டாகப் பிளந்தது. உள்ளே எறும்பின் வடிவத்தில் ஒரு பள்ளம்.

காலி.

அக்கா "ஸ்..." என்று கையை உதறினாள். ஆள்காட்டி விரல் நுனியில் இரண்டு சிறு துளைகள். ரத்தம் வரவில்லை.

அறையைச் சல்லடை போட்டுத் தேடினோம். ஒன்றும் கிடைக்கவில்லை.

டாக்டர், "சாதாரணப் பூச்சிக்கடிதான்," என்று களிம்பு எழுதிக் கொடுத்தார். விரல் வீங்கவில்லை, வலிக்கவும் இல்லை. மடங்க மட்டும் மறுத்தது.

நான்காம் நாள் மதியம் அக்கா போன் செய்தாள்.

"கொஞ்சம் வந்துட்டுப் போடா."

போனேன். வீடு முழுக்க அந்தப் பச்சை வாசனை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் விரலை வெயிலில் நீட்டினாள்.

நடுக்கணு வரை தேன் நிறம். உள்ளே எலும்பு தெரியவில்லை. வெளிச்சம் அப்படியே ஊடுருவிப் போனது.

என் கை தானாக நீண்டது.

"தொடாத," என்றாள், தொட்டில் பக்கத்தில் பேசுகிறவளைப் போல. "இப்பத்தான் எல்லாம் தூங்குதுங்க."

நகத்துக்கு அடியில், மெதுவாக, ஒன்று புரண்டு படுத்தது.