கன்னத்துச் சுரண்டல்

இருட்டாக இருந்திருக்க வேண்டிய கண்ணாடிச் சில்லு பச்சையாக மின்னியது.

லோகப்பிரியா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள். வெளியே துடியலூர் மத்தியான வெயிலில் வெந்துகொண்டிருந்தது. கறுப்புத் திரை போட்ட இந்த அறையிலோ இருட்டைப் படியால் அளந்து சந்தையில் விற்கலாம், அத்தனை மிச்சம். மூலையில் குளிர்பெட்டி, மேடேறும் ஊட்டி ரயிலைப்போல மூச்சு வாங்கியது. ஸ்பிரிட் வாடை மூக்கு வழியாக ஏறி மூளைக்குள் பாய் விரித்துப் படுத்துக்கொண்டது.

அந்த ஆய்வகத்தில் தயாராகும் ஆன்டிபாடி ஒரே ஒரு புரதத்தைத்தான் தேடிப் பிடிக்கும். சாகத் தொடங்கிய செல்லில் மட்டும் தோன்றும் புரதம். பிடித்துக்கொண்டால், அதில் கோத்த சாயம் பச்சையாக ஒளிரும். நல்ல செல்லில் ஒளிராது என்று காட்ட, அவரவர் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி வைப்பது அங்கே வழக்கம். இன்று வைத்தது அவளுடையதை.

பக்கத்து மேசை ஜெரோம் திரையை விலக்கி எட்டிப் பார்த்துச் சிரித்தார். "வெள்ளிக்கெழமைன்னு மஞ்சப் பூசிட்டு வந்துபோட்டீங்களாக்கும் அம்மணி. மஞ்சளுந்தான் இதுல பச்சையா மின்னும். ஈரோட்டு மஞ்ச மண்டியவே கொண்டாந்து வெச்சா ஊருக்கே கரண்டு குடுக்கலாமுங்க."

அவளுக்கு உயிர் திரும்பியது. தண்ணீர்த் தொட்டி காலியாகிற அளவுக்கு வாய் கொப்பளித்தாள். மறுபடி சுரண்டி இரண்டு சில்லுகள் செய்தாள். ஒன்றில் ஆன்டிபாடி விட்டாள், மற்றதில் விடவில்லை. மஞ்சள்தான் என்றால் இரண்டுமே மின்ன வேண்டும். ஜெரோமின் கன்னத்துச் சுரண்டலையும் கொஞ்சம் கேட்டு வாங்கி, அதிலும் ஆன்டிபாடி விட்டாள்.

சாயம் ஏறும்வரை நகத்தைக் கடித்தபடி காத்திருந்தாள். பிறகு பார்த்தாள்.

ஜெரோமுடையது கும்மிருட்டு. ஆன்டிபாடி விடாத அவளுடையதும் இருட்டு.

விட்டது எரிந்தது. ஒரு செல் பாக்கியில்லாமல்.

மஞ்சள் இல்லை.

பள்ளி விடும் நேரம். மகள் யுவஸ்ரீ வாசலில் பையை மாட்டிக்கொண்டு நிற்பாள். அவளை அழைத்துவர வேறு ஆளில்லை. இன்றைக்கு மட்டுமில்லை. இனிமேலும்.

நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தாள். சில்லு கறுத்தது. மேசை கறுத்தது.

வாயைப் பொத்தியிருந்த விரல் இடுக்குகளில் மட்டும் பச்சைக் கோடுகள்.

திரைக்கு வெளியே ஜெரோமின் குரல். "ஏனுங்க அம்மணி, லைட்ட அமத்துங்க. சாயமெல்லாம் வெளுத்துப்போகுமுங்க."

அமத்தியாச்சுங்க என்று சொல்லக் கையை எடுத்து வாயைத் திறந்தாள்.

எதிர்ச் சுவர் முழுக்கப் பச்சை வெளிச்சம் விரிந்தது. அதன் நடுவே, ஆளுயரத்துக்கு, அவளுடைய பற்களின் நிழல்.